யுரேனியம் போட்ட ரோடு, சைக்கிள் போகும் பாதை

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். "ராஜா ராணி சமாச்சாரம் வேண்டாம் சார், இப்போ படிக்கிற பிள்ளைகளும் படிக்கணும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ராஜா ராணி இல்லாத வரலாறு வேண்டுமென்றால் ரோடுகளைத்தான் கேட்கவேண்டும். எந்த ரோட்டைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கலாம். யார் போட்டது? எதற்காகப் போட்டது? இப்போது அதில் யார் போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வேறு பதில் வந்தால், அங்கே ஒரு வரலாறு இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட ஓர் ஊர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. பெயர் மோவாப். பைபிளில் வருகிற அதே பெயர்தான். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே போய்க் குவிகிறார்கள்.

இடத்தின் அமைப்பு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் செக்கச் செவேலென்று மணற்கல். ஆறு அந்தக் கல்லை லட்சக்கணக்கான வருஷங்களாக அறுத்து அறுத்து, எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற பள்ளங்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. கிழக்கே லா சால் மலைகள் 12,000 அடிக்கும் மேலே நிற்கின்றன. தென்மேற்கே கிரீன் ஆறு வந்து கொலராடோவோடு கலக்கிறது. இன்னும் கீழே போனால் பாவெல் ஏரி என்கிற பெரிய நீர்த்தேக்கம். தண்ணீர் இருக்கிற இடத்தில் இறங்க வழி கிடையாது. வழி இருக்கிற இடத்தில் தண்ணீர் கிடையாது. அப்பேர்ப்பட்ட பூமி.

இந்தப் பூமியில் முதலில் நடந்தவர்கள் அங்கேயே வாழ்ந்த பழங்குடி மக்கள். 1829 முதல் சுமார் இருபது வருஷம் 'பழைய ஸ்பானியப் பாதை' என்ற வணிகத் தடத்தில் கோவேறு கழுதைகள் போயின. அந்தத் தடம் மோவாப் அருகில்தான் ஆற்றைக் கடந்தது. 1855-இல் மார்மன் சமயத்தார் வந்து ஒரு கோட்டை கட்டிப் பார்த்தார்கள். யூட் மக்கள் எதிர்த்ததால் அதே வருஷம் திரும்பிப் போனார்கள். நிலையான குடியேற்றம் 1870-களின் கடைசியில்தான். அப்புறம் மாடு மேய்த்தவர்கள் செங்குத்துப் பாறையில் ஒற்றையடித் தடங்களை வெட்டினார்கள். ஷேஃபர் குடும்பத்தார் மாடுகளை ஏற்றி இறக்கிய தடம் இன்றும் அவர்கள் பெயரைத்தான் சொல்கிறது.

யுரேனியக் காய்ச்சல்

இரண்டாம் உலகப்போர் முடிந்தது, அணுகுண்டுப் போட்டி ஆரம்பித்தது. அமெரிக்க அணுசக்தி ஆணையம் "யுரேனியம் கொண்டுவா, இந்த விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன், மேலே போனஸும் தருகிறேன்" என்று அறிவித்துவிட்டது. வாங்குகிறவன் ஒருவன்தான், ஆனால் விலை நிச்சயம். கேட்க வேண்டுமா? கடைக்காரன், வாத்தியார், சம்சாரி எல்லாரும் கைகர் கருவியைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அதில் ஒருவர் சார்லி ஸ்டீன். மண்ணியல் படித்தவர், கையில் காசில்லாதவர். நிபுணர்கள் "அங்கே ஒன்றும் இருக்காது" என்று சொன்ன இடத்தில்தான் துளை போட்டார். சுமார் 200 அடி ஆழத்தில் குழாய் முறிந்து வேலை நின்றுபோனது. அவர் தேடியது மஞ்சள் தாது. துளையிலிருந்து வந்ததோ கறுப்புக் கல். பின்னால் அந்தக் கல்லைக் கைகர் கருவிக்குப் பக்கத்தில் வைத்ததும் முள் எகிறியது! அது 1952. மோவாப் ஜனத்தொகை 1950-இல் ஏறத்தாழ 1,275; 1960-இல் 4,682. 1956-இல் ஊருக்கு வடக்கே, ஆற்றை ஒட்டியே, யுரேனியம் பிரிக்கும் ஆலையும் வந்தது.

நம் கதைக்கு வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. தாது தேடுகிறவர்களுக்கு ரோடு வேண்டும். அரசாங்கப் பணத்தில் புல்டோசர்கள் இறங்கின. ஷேஃபர்காரர்களின் மாட்டுத் தடம் லாரி போகிற அளவுக்கு அகலமானது. அதற்குக் கீழே, ஆற்றுக்கு மேலே நடுத்தட்டு மாதிரி நீண்டு கிடக்கும் வெள்ளைப் பாறை விளிம்பிலும் ஒரு ரோடு வெட்டினார்கள். பெயர் ஒயிட் ரிம். சுற்றி வந்தால் ஏறத்தாழ 100 மைல். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டும் அந்தப் பகுதியில் யுரேனியம் மிகக் குறைவாகத்தான் கிடைத்தது. ரோடு மட்டும் மிஞ்சியது.

ஒன்று பூங்கா, ஒன்று ஏரி

அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் அந்த ஆற்றுக்கு இரண்டு விதி எழுதப்பட்டது. 1963-இல் கீழே கிளென் கேன்யன் அணையின் மதகுகளை மூடினார்கள். 710 அடி உயர அணை. ஏரி நிரம்ப 1980 வரை பதினேழு வருஷம் ஆயிற்று. நிரம்பியபோது நீளம் 186 மைல். பழங்குடியினரின் பழைய குடியிருப்புகள், பாறைச் சித்திரங்கள், ஹைட் என்ற படகுத்துறை ஊர், அங்கே நடந்த ஒரு பழைய யுரேனிய ஆலையின் கழிவு எல்லாமே தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. 1869-இல் ஒற்றைக் கையோடு படகில் வந்து இந்த ஆற்றை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பாவெலின் பெயரை, அவர் ரசித்த பள்ளத்தாக்கை மூழ்கடித்த ஏரிக்கே வைத்தார்கள்!

மேலேயோ, 1964-இல் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா பிறந்தது. பேட்ஸ் வில்சன் என்ற பூங்கா அதிகாரி வருஷக்கணக்கில் வற்புறுத்தியதன் பலன் அது. ஒயிட் ரிம் ரோடு பூங்காவுக்குள் அடங்கிவிட்டது. இந்தப் பூங்காவின் விதிப்படி சைக்கிள் ரோட்டில் மட்டும்தான் போகலாம், நடைபாதையில் போகக்கூடாது. ஆக, அணுகுண்டுக்காக வெட்டிய ரோடு இருப்பதால்தான் இன்று அங்கே சைக்கிள் ஓடுகிறது. இல்லாவிட்டால் அந்த விளிம்பில் ஒரு சக்கரமும் உருளாது. வரலாறு இப்படியெல்லாம் குறும்பு செய்யும்.

சைக்கிள் வந்த கதை

மலைச் சைக்கிள் பிறந்தது மோவாபில் அல்ல, கலிபோர்னியாவில். 1970-களில் மரின் மாவட்டத்து இளைஞர்கள், பருமனான டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலையேற்றி, மேலிருந்து கண்மண் தெரியாமல் விட்டுப் பார்த்தார்கள். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே சட்டம் செய்தார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்க ஆரம்பித்தது.

அதே சமயத்தில் மோவாப் படுத்துக்கொண்டிருந்தது. யுரேனியத்துக்குக் கிராக்கி போய்விட்டது; 1984-இல் ஆலை மூடப்பட்டது. வேலை போனவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார்கள். அந்த இறங்குமுகத்தில், 1983-இல், க்ரோஃப் சகோதரர்கள் 'ரிம் சைக்ளரி' என்று ஒரு சைக்கிள் கடையைத் திறந்தார்கள். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் பாதைகள் தயாராக இருந்தனவே! ஊருக்கு மேலே வழுவழுப் பாறையில் 1969-லேயே மோட்டார் சைக்கிள்காரர்கள் வெள்ளைக் கோடு போட்டு வழி வகுத்திருந்தார்கள். 'ஸ்லிக்ராக்' என்ற அந்தப் பாதை சுமார் 10 மைல். குதிரை லாடத்துக்கு வழுக்கிய பாறை என்பதால் அந்தப் பெயர். ரப்பர் டயருக்கோ அது உப்புக் காகிதம் மாதிரி. சுவர் போல நிற்கும் சரிவிலும் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்து மணல் மேடுகள்தான் இறுகிப் பாறையாகியிருக்கின்றன. செய்தி பரவியது. சில வருஷங்களில் சுரங்க ஊர் சைக்கிள் ஊரானது.

கணக்கில் வராத கணக்கு

இதோடு 'சுபம்' போட்டுவிடலாம். ஆனால் வரலாறு படித்தவன் பாக்கிக் கணக்கையும் பார்க்கவேண்டும் அல்லவா?

ஆலை விட்டுப்போன கதிரியக்கக் கழிவு மண் 1 கோடியே 60 லட்சம் டன். அதுவும் கோடிக்கணக்கான மக்களுக்குத் தண்ணீர் தரும் ஆற்றின் கரையில். கம்பெனி 1998-இல் திவாலாகிவிட்டது. 2009-லிருந்து அரசாங்கம் அதை ரயிலில் ஏற்றி 30 மைல் தள்ளிப் புதைத்து வருகிறது, பெரும்பகுதி அகன்றுவிட்டது. செலவு யாருடையது? வரி கட்டுகிறவனுடையது.

சுரங்கத்தில் உழைத்தவர்கள், முக்கியமாக நவஹோ பழங்குடியினர், காற்றோட்டமில்லாத குழிகளில் கதிரியக்கத்தைச் சுவாசித்தார்கள். பலர் நுரையீரல் புற்றுநோயில் போனார்கள். இழப்பீட்டுச் சட்டம் 1990-இல்தான் வந்தது, 2024-இல் காலாவதியானது, 2025-இல் மறுபடி உயிர்பெற்றது. ரோட்டுக்குப் பணம் உடனே கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்க நாற்பது வருஷம் ஆயிற்று.

ஏரிக்கும் ஒரு கணக்கு உண்டு. வறட்சியால் 2023-இன் தொடக்கத்தில் கொள்ளளவில் கால்பங்குக்கும் கீழே போனது. முழுகிப்போன பள்ளத்தாக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன.

சைக்கிளும் முழுக்கச் சாது அல்ல. அந்தப் பாலைவன மண்ணின் மேலே கறுப்பாக ஓர் உயிர்ப்பொருக்கு இருக்கிறது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். பாதையை விட்டு ஒரு டயர் விலகினால் அது நொறுங்கும். மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். புல்டோசர் தடம் இன்னும் அழியாமல் இருப்பதும் அதே காரணத்தால்தான். அந்த மண் எதையும் சீக்கிரம் மறப்பதில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. போட்டவன் ஒருவன், போகிறவன் இன்னொருவன், விலை கொடுத்தவன் மூன்றாமவன் என்பதுதான் அநேக பாதைகளின் வரலாறு. முதல் இரண்டு பேரின் பெயர் பலகையில் இருக்கும். மூன்றாமவன் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வரலாறு படிக்கிறவனின் வேலை அந்தத் தேடல்தான். பாதையை அனுபவியுங்கள், தப்பே இல்லை. ஆனால் அந்த மூன்றாவது பெயரையும் விசாரித்துவிட்டு ஓட்டுங்கள்.