சங்கிலியும் ஒளிக்கதிரும்



ஆரம்பாக்கத்திற்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட தீவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் எழும் நாளில் கடலுக்குச் செல்லலாகாது என மீனவர்க்கு முன்னரே அறிவிப்பு வந்துவிடும். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் மாலை அவ்வாறு எழுந்த ராக்கெட், இந்தியாவும் பிரான்சும் கூடி அமைத்த 'சரல்' என்னும் செயற்கைக் கோளைச் சுமந்து சென்றது. கடலின் மட்டத்தை வானிலிருந்து அளப்பதே அதன் பணி.

பூமியை நுட்பமாக அளக்கும் இம்முயற்சிக்கு நம் நாட்டில் பரங்கிமலையருகே வித்திட்டவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில், ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளுமல்லவா? ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, கணக்கைத் திருத்திக்கொண்டார். அக்கோட்டின்மேல் முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டே நாடு முழுவதும் செல்ல வேண்டும். கோணங்களை அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி! 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அதனை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் மனந்தளராமல் வாரக்கணக்கில் கூடாரத்தினுள் அமர்ந்து, தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். திரிகோண கணிதமென்றால் முகஞ்சுளிக்கும் பிள்ளைகள் அவரைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். 1823-இல் அவர் மறைந்தபின், எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சென்றார்.

ஆயினும் இம்முறைக்குக் கடல் ஒரு தடை. ஒரு குன்றிலிருந்து மறு குன்று கண்ணுக்குப் புலப்பட வேண்டுமே! கண்டங்களுக்கிடையே அது நடவாது. வானில் செல்லும் கோளையோ இரு கண்டத்தாரும் ஒருங்கே காணலாம். 1960-இல் லேசர் ஒளி பிறந்தது; 1964 அக்டோபரில் அமெரிக்கர் அதனைச் செயற்கைக் கோள் ஒன்றின்மேல் பாய்ச்சித் திரும்பப் பெற்றனர். அன்று பிழை சில மீட்டர். இன்று ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

1976-இல் ஏவப்பட்ட லேஜியாஸ் அறுபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உலோகப் பந்து. அதில் 426 பிரதிபலிப்பான்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒளியை வந்த வழியே திருப்பும் தன்மையது. ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் உயரம் சென்று மீள ஒளிக்கு வேண்டுவது விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அக்காலத்தை 1,500 கோடியில் ஒரு விநாடி அளவுக்குப் பிசகாமல் கணித்தாலன்றி ஒரு சென்டிமீட்டர் நுட்பம் கிட்டாது. நம் காவலூரிலும் சோவியத் நாட்டின் துணையுடன் இத்தகைய லேசர் நிலையம் ஒன்று இயங்கியதுண்டு.

இதனால் ஏரிக்கரை மக்களுக்கு யாது பயன்? துறைமுகத்தில் நட்ட அளவுகோல், கடல் உயர்ந்ததா, நிலம் தாழ்ந்ததா என்பதைப் பிரித்துச் சொல்லாது. செயற்கைக் கோள் பூமியின் மையத்தைக் கொண்டு அளப்பது. அக்கோள் எவ்வுயரத்தில் உள்ளது என்பதைச் சரிபார்ப்பது தரையிலிருந்து செல்லும் லேசர். சரலும் அதற்கென ஒரு பிரதிபலிப்பானைச் சுமந்தே சென்றது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் இடுக்கணை இக்கோள்கள் தீர்க்கமாட்டா. ஆனால் 1993-க்குப் பின் முப்பது ஆண்டுகளில் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதை அவற்றால்தான் அறிந்தோம். பழவேற்காட்டுக் குப்பங்களில் பல, கடல் மட்டத்திற்குச் சிறிதே உயர்ந்த மணல்மேட்டின்மேல் அமைந்தவை.