ஆலுவிகாரை உணர்த்தும் காப்புநெறி: ஏடு முதல் கணினி வரை

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், பெரும்பாறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஓரிடம் உண்டு. அப்பாறைகளின் இடுக்குகளில் அமைந்த குகைகளே ஆலுவிகாரை எனப் பெயர் பெற்ற பௌத்தப் பள்ளியாகும். வழிச்செல்வோர்க்கு அது இலங்கையின் பல விகாரைகளுள் ஒன்று. வரலாற்று மாணவர்க்கோ, நூற்றாண்டுகளாக நாவினால் மாத்திரம் ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்ற இடமென மரபு போற்றும் தலம் அது.

இக்காலத்திலே பள்ளிச் சிறுவரும் கணினியைக் கையாளுகின்றனர். கணினியை இயக்கும் பணிசெயல் முறைமை பழுதுற்றால் அதனை மீள நிறுவுதல், கோப்புகளுக்குக் காப்புப்படி எடுத்தல், முறைமையைக் காலந்தோறும் பேணுதல் என்பன புத்தம்புதிய கலைகளாகக் கருதப்படுகின்றன. கருவி புதிது என்பது உண்மை, நெறி புதிதன்று. அந்நெறி மாத்தளை மண்ணோடு இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்புடையது. அது பேணப்பட்டபோது விளைந்த நன்மையையும், மறக்கப்பட்டபோது நேர்ந்த இழப்பையும் வரலாற்றின் வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் அனுராதபுரத்தில் அரசு கட்டிலேறிய சில திங்களுக்குள்ளேயே நாடு கலங்கிற்று. தென்னாட்டில் தீசன் என்னும் பிராமணன் கிளர்ந்தெழுந்தான். அதே வேளையில் தமிழ்த் தலைவர் எழுவர் படையோடு மாதோட்டத்தில் வந்திறங்கினர் என்று மகாவம்சம் கூறுகின்றது. அரசன் முடியிழந்து பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான். போரோடு பஞ்சமும் சேர்ந்தது. பிச்சையேற்று உண்ணும் துறவியர்க்குச் சோறிட எவருமிலர்; விகாரைகள் பாழடைந்தன.

அக்காலத்தில் திரிபிடகம் எங்கே இருந்தது? எந்தப் பேழையிலும் இல்லை. துறவியரின் நினைவில் இருந்தது. ஒருவரே முழுவதையும் தாங்குதல் அரிதாகையால், நீண்ட சூத்திரங்களை ஓதுவோர் ஒரு குழுவினர், இடைப்பட்டவற்றை ஓதுவோர் மற்றொரு குழுவினர் எனப் பாணகர் பலராகப் பிரிந்து அதனைக் காத்து வந்தனர். இம்முறை அமைதிக் காலத்திற்குப் போதியதாயிருந்தது. பஞ்சக் காலத்திலோ ஒரு துறவி இறந்தால் ஒரு நூலும் உடனிறக்கும் அபாயம் நேர்ந்தது.

பாளி உரைநூல்கள் அக்காலத்தைப் பற்றிக் கூறும் செய்திகள் இரண்டு ஊன்றி நோக்கத்தக்கவை. துறவியர் பலர் கடல் கடந்து பாரதம் சென்றனர். அறுபதின்மர் மாத்திரம் போகாது திரும்பி மலைநாட்டிற் கிழங்கும் இலையும் உண்டு வாழ்ந்தனர். உடலில் வலிமை இருந்தவரை அமர்ந்திருந்து ஓதினர்; அது போனபின் மணலிற் படுத்தவாறே ஓதினர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் பஞ்சம் நீங்க, கடல் கடந்து சென்றோருள் எழுநூற்றுவர் மீண்டு வந்தனர். இரு சாராரும் கூடித் தத்தம் பாடத்தை ஒப்புநோக்கினர். ஓரெழுத்தும் வேறுபடவில்லை என்கின்றது உரை. இச்செய்தியில் மிகை இருப்பினும் இருக்கலாம். ஆயினும் அது காட்டும் முறை சிறந்தது. பாடம் இரண்டு நாடுகளில் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன.

மற்றைச் செய்தி அச்சுறுத்துவது. மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரே ஒருவராய்க் குறைந்துவிட்டனர். அவரோ ஒழுக்கத்தில் இழுக்கியவர். அவரிடம் பாடங்கேட்க நல்லோர் கூசினர். எனினும், அவர் மறைந்தால் நூலும் மறையும் என்று மூத்தோர் வற்புறுத்தியமையால், மகாரக்கிதர் என்னும் தேரர் சென்று அதனைக் கற்றார். அவர்வழியாகப் பிறரும் கற்றனர். ஒரு நூலின் வாழ்வு ஒற்றை மனிதனின் மூச்சில் தொங்கிய நிலை அது.

இவ்வநுபவமே ஏட்டிற்கு வழி வகுத்தது. வட்டகாமணி மீண்டும் அரசுரிமை எய்திய காலத்தில், மக்களின் தளர்ச்சியைக் கண்டு, அறம் நெடிது நிலைக்கும் பொருட்டுத் துறவியர் கூடித் திரிபிடகத்தையும் அதன் உரையையும் எழுதுவித்தனர் என்று மகாவம்சம் உரைக்கின்றது. அந்நூல் இடத்தின் பெயரைச் சுட்டவில்லை. மாத்தளை ஆலுவிகாரையே அவ்விடம் என்பது பிற்கால நூல்களும் மரபும் தரும் செய்தி. ஐந்நூறு துறவியர் அப்பணியில் ஈடுபட்டனர் என்பர். தாளிப்பனையின் குருத்தோலையை நீரில் அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறி, கரி கலந்த மையைத் தடவித் துடைக்க எழுத்து விளங்கும். அவ்வாறு எழுதிக் காட்டும் வழக்கத்தை இன்றும் ஆலுவிகாரைக்குச் செல்வோர் காணலாம்.

ஏடு வந்தமையால் ஓதுதல் நின்றுவிடவில்லை. ஏட்டிற்கும் ஆயுள் உண்டு. செல்லும் பூஞ்சணமும் அதனை அரிக்கும். ஆகவே பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தலும், எடுத்த படியை ஓதுவோர் செவியில் இட்டுச் சரிபார்த்தலும் இடையறாத கடமைகளாயின.

இந்நெறி பௌத்தர்க்கு மாத்திரம் உரியதன்று. வேதம் ஓதுவோர் ஒரே மந்திரத்தைப் பதபாடம், கிரமபாடம், கனபாடம் எனப் பலவாறு முறைமாற்றி ஓதிப் பிழை நுழையாவண்ணம் காத்தனர். தேவாரத்தின் வரலாறோ இன்னும் தெளிவான பாடம் புகட்டுகின்றது. தில்லையில் பூட்டி வைத்திருந்த ஏடுகளைச் சோழ மன்னன் திறப்பித்தபோது, அவற்றைக் கறையான் புற்று மூடியிருந்ததென்றும், எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். பூட்டி வைத்தல் வேறு, காத்தல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அப்பதிகங்களின் பண்கள் ஏட்டில் கிட்டவில்லை; எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடமிருந்தே அவை மீளப் பெறப்பட்டன என்பர். சொல் ஏட்டிலிருந்தும் இசை நாவிலிருந்தும் மீண்டன.

நூலிருந்தும் அதனை நடைமுறைப்படுத்தும் அமைப்பு அழிந்தால் யாது செய்வது என்னும் வினாவிற்கும் இலங்கை வரலாறு விடை தருகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்திலே பௌத்த நூல்கள் இருந்தன, விகாரைகள் இருந்தன, ஆயின் உபசம்பதா என்னும் முழுத்துறவு அளிக்கத்தக்க துறவியர் இல்லாதொழிந்தனர். அச்சடங்கை நிகழ்த்துதற்கு அவ்வாறு துறவேற்றோர் வேண்டும். நூலைப் படித்து மாத்திரம் அதனைத் தோற்றுவித்தல் இயலாது. வெலிவிட்ட சரணங்கரரின் முயற்சியால், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னன் சீயத்திற்குத் தூதனுப்பி உபாலி தேரரை வருவித்தான். 1753ஆம் ஆண்டு கண்டியில் உபசம்பதா மீள நிறுவப்பெற்றது. சீய நாடோ அம்மரபை முற்காலத்தில் இலங்கையினின்றும் பெற்ற நாடு. முன்பு பிறர்க்குக் கொடுத்த படியே பின்பு கொடுத்தவரைக் காத்தது.

மாத்தளைக்குப் பெருஞ்சோதனை 1848ஆம் ஆண்டு நேர்ந்தது. தேசாதிபதி டொரிங்டன் விதித்த புதிய வரிகளால் மக்கள் கொதித்தெழுந்தனர். கிளர்ச்சியாளர் மாத்தளைக் கச்சேரியுட் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தனர். ஆட்சியாளர் படைச்சட்டம் பிறப்பித்து அடக்குமுறையைக் கட்டவிழ்த்தனர்; புரன் அப்பு 1848 ஓகத்து 8ஆந் திகதி கண்டியிற் சுடப்பட்டு இறந்தான். அக்கலகத்தின்போதே ஆலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் தீக்கிரையாயின. தீ எரித்தது ஒரு படியை, நூலை அன்று. பிற விகாரைகளிலும், பர்மாவிலும், சீயத்திலும் படிகள் இருந்தமையால் திரிபிடகம் பிழைத்தது. பின்னர் அச்சேறிய அந்நூல், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினிக்குரிய இறுவட்டுகளிலும் பதிக்கப்பெற்றது.

எல்லா நூல்களுக்கும் அப்பேறு கிட்டவில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கறையான் தின்று எஞ்சிய ஏடுகளைத் தேடிப் பல படிகளை ஒப்புநோக்கி அச்சேற்றியிராவிடின் கலித்தொகை போன்ற நூல்களின் கதி யாதாகியிருக்கும்? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சிட்ட நூல்களைப் பிறவிடத்திலிருந்து தேடிப் பெறலாம். படியெடுக்கப்படாத சுவடிகளை எங்ஙனம் பெறுவது? அத்துயரத்தின் பாடத்தை உணர்ந்தோரே 2005ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணினியிற் படியெடுத்துச் சேர்த்து வருகின்றனர்.

ஆயினும் கணினியும் அழியாப் பொருளன்று. 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி ஐம்பது பெருந்தட்டுகளைக் கொண்டு ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. 1981இல் அந்நிறுவனத்தின் தனியாள் கணினி, மைக்ரோசொப்ட் வழங்கிய டொஸ் என்னும் பணிசெயல் முறைமையோடு சந்தைக்கு வந்தது. 1983இல் வந்த டொஸ் இரண்டாம் பதிப்பிலேயே படியெடுப்பதற்கு ஒரு கட்டளையும் படியிலிருந்து மீட்பதற்கு ஒரு கட்டளையும் சேர்க்கப்பட்டிருந்தன. அவ்வாண்டின் கணினியிலிருந்த பத்து மெகாபைற்று வன்தட்டு முழுவதையும் படியெடுக்க முப்பதை அண்டிய நெகிழ்வட்டுகள் வேண்டப்பட்டன. அவ்வளவு தொல்லைக்கும் அஞ்சிப் படியெடாது விட்டோர், தட்டுப் பழுதுற்ற நாளிலே யாவையும் இழந்தனர்.

பணிசெயல் முறைமை என்பது வன்பொருளுக்கும் பயனுறு மென்பொருளுக்கும் இடைநின்று நினைவகத்தைப் பகிர்ந்தளித்து, கோப்புகளை ஒழுங்குசெய்து, கருவிகளை ஏவும் ஆட்சியமைப்பாகும். நச்சுநிரல், தட்டின் தேய்வு, திடீர் மின்வெட்டு, முறையற்ற மென்பொருள் ஆகியவற்றால் அது சீர்குலையும். அதனை மீள நிறுவுவோர் முதலிற் கவனிக்க வேண்டியது, முறைமை வேறு, பயனாளர் கோப்பு வேறு என்னும் பாகுபாட்டை. முறைமையை ஆக்கியோரிடமிருந்து மீண்டும் பெறலாம். சீயத்திலிருந்து உபசம்பதா வந்தவாறு அதுவும் வெளியிலிருந்து வரும். ஆசிரியர் எழுதிய குறிப்பையும் மாணவன் எழுதிய கட்டுரையையும் எந்த நிறுவனமும் மீளத் தரமாட்டாது. எனவே கோப்புகளை வன்தட்டின் வேறு பகுதியில் வைத்தலும், மீள நிறுவுமுன் அவற்றை வேறொரு சாதனத்திற் படியெடுத்தலும் இன்றியமையாதன. அதன்பின்னரே நிறுவல் வட்டினாலோ பென் டிரைவினாலோ முறைமையை நிறுவி, திருத்தங்களைச் சேர்த்து, மென்பொருள்களை இட்டு, இறுதியிற் கோப்புகளை மீட்டல் வேண்டும்.

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படியேனும் வேறிடத்தில் என்பது இத்துறையோர் வகுத்த விதி. ஏடும் நாவும் இரண்டு சாதனங்கள். இலங்கையும் பாரதமும் இரண்டு இடங்கள் என்று எண்ணுவோர்க்கு இவ்விதி புதிதாகத் தோன்றாது. எடுத்த படி மூலத்தோடு ஒத்துள்ளதா என்பதைக் கணினி ஒரு சரிபார்ப்பு எண்ணால் அறிகின்றது. எழுநூற்றுவரும் அறுபதின்மரும் கூடியமர்ந்து செய்ததும் அதுவே. மீட்டுப் பார்த்துச் சோதிக்கப்படாத படி, திறந்து பாராத தில்லை அறையை ஒக்கும்.

இவ்விதியைக் கைவிட்டதன் பயனை இலங்கை அண்மையிலேயே கண்டது. 2023 ஓகத்து மாதத்தில், 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' என்னும் அரச கணினிச் சேவையைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கிற்று. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிப்புற்றன. அங்கே இயங்கிய மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு; அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தோடு முடிவுற்றிருந்தது. படிகள் இல்லாமலில்லை, அவையும் அதே வலையமைப்பில் இருந்தமையால் மூலத்தோடு தாமும் பூட்டுண்டன. சில மணி நேரத்தில் முறைமை மீள நிறுவப்பட்டது. ஆனால் மே 17 முதல் ஓகத்து 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் புறத்தே வைத்த படி இன்மையால் அவை மீளவில்லை. முறைமை மீண்டது, பதிவுகள் போயின. ஆலுவிகாரைத் தேரர் அறிந்திருந்த ஒன்றை ஈராயிரம் ஆண்டுகளின் பின் வந்தோர் மறந்தனர் என்றே சொல்லல் வேண்டும்.

கல்லூரி ஒன்றின் வரவுப் பதிவேடும், பரீட்சைப் பெறுபேறும், பழைய மாணவர் பெயர்ப்பட்டியலும் இன்று ஒரே அறையில் ஒரே கணினியில் அடங்கிவிடுகின்றன. ஒரு மின்னல், ஒரு மழைவெள்ளம், ஒரு நச்சுநிரல் அவற்றை அழிக்கப் போதும். தவணைக்கு ஒருமுறையேனும் அவற்றைப் படியெடுத்து வேறொரு கட்டிடத்தில் வைப்பதும், வைத்த படியைத் திறந்து பார்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்களல்ல. வேண்டுவது இடைவிடாத கருத்து ஒன்றே.

ஓலையின் வலிமையால் திரிபிடகம் நிலைக்கவில்லை, ஓலை எரிந்துபோயிற்று. கல்லறையின் வலிமையால் தேவாரம் நிலைக்கவில்லை. அறையினுள்ளே கறையான் புகுந்தது. படியெடுத்தோர், ஒப்புநோக்கினோர், பிறர்க்குக் கொடுத்தோர் ஆகியோரின் உழைப்பாலேயே இவ்விரண்டும் எஞ்சின. காத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வினையன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையாலேயே மீளச் செய்ய வேண்டிய கடனாகும்.