ஷார்ட் லெக்கில் நின்ற உடல்

ஏக்நாத் சோல்கரின் ஃபீல்டிங் நிஜமாகவே அவ்வளவு பெரிசா, இல்லை 1971 ஓவல் வெற்றி ஊதிப் பெருக்கிய பிம்பமா? 27 டெஸ்டில் 53 கேட்ச். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் பந்து போட்டால் யார் நின்றாலும் பிடிப்பான் என்பார்கள். அதே பந்துவீச்சுக்கு ஸ்லிப்பில் நின்ற வடேகர் 37 டெஸ்டில் பிடித்தது 46. நம்ம வெங்கட்ராகவனே 57-இல் 44தான். நின்ற இடம் வேறு, சரி. அந்த இடம் யாருக்குத் தரப்பட்டது?

ஹெல்மெட் இல்லாத காலம். மட்டைக்குச் சில அடி தூரத்தில் நின்றவர் பம்பாய் இந்து ஜிம்கானா மைதானப் பராமரிப்பாளரின் மகன். (சிறுசேரிப் பக்கத்து டென்னிஸ் பந்து ஆட்டத்திலும் முள்ளுக்காட்டு ஓரம் நிறுத்தப்படுவது யாரு என்று பாருங்கள்.) ஸ்கோர் புத்தகம் என்கிற பிரதி பிடித்ததை மட்டுமே எழுதும். நழுவியதை எழுதாது, அவர் நிற்கிறார் என்ற பயத்தில் மட்டையாளன் ஆடாமல் விட்ட ஷாட்டையும் எழுதாது. ஓவலில் வெங்கட் பந்தில் ஆலன் நாட்டை முழுநீளம் பாய்ந்து பிடித்த புகைப்படம் அந்த மௌனத்தைக் கொஞ்சம் உடைக்கிறது. எனக்குச் சந்தேகமில்லை: புகழ் மிகையில்லை, குறைவுதான்.

ஆனாலும் பதிவேட்டில் அவர் 25 சொச்சம் சராசரி வைத்த பேட்ஸ்மேன். 1977க்குப் பிறகு டெஸ்ட் ஆடவில்லை.