பனியில் நடந்து போன போதகர்



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பேசியவர் நல்ல பேச்சாளர். விசுவாசிகள் ஜெபம் பண்ணிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தது போதும்; சட்டசபை, நீதிமன்றம், பள்ளிக்கூடம், பத்திரிகை எல்லாம் தேவனுடைய பிள்ளைகள் கைக்கு வரவேண்டும், அப்போதுதான் தேசம் திருந்தும் என்பது அவர் பேச்சின் சாரம். "பெரியப்பா, நீங்க சரித்திரம் எடுத்தவங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. குழுவில் எழுதினால் நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள். இங்கே எழுதினால் எல்லோரும் கோபித்துக்கொள்ளலாம்.

வீடியோவில் பேசியவர் சொன்னது புதிய யோசனை இல்லை. ஏறத்தாழ நானூறு வருஷத்துக்கு முன் அதை முழு மனதோடு செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் மணி அடித்தபிறகும் விடாத வாத்தியார்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1630ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டம் கப்பலேறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் இறங்கியது. பியூரிட்டன்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கிலாந்தின் சபை இன்னும் சரியாகச் சீர்திருந்தவில்லை என்பது அவர்கள் வருத்தம். தலைவர் ஜான் வின்த்ராப், சட்டம் படித்தவர். நாம் மலைமேல் இருக்கும் பட்டணம், உலகத்தின் கண் நம்மேல் இருக்கிறது என்று அந்தப் பயணத்துக்காக ஒரு பிரசங்கம் எழுதினார். அதே பிரசங்கத்தில் பணக்காரன் ஏழையைத் தாங்கவேண்டும், கடனைத் திருப்பித் தர வழியில்லாதவனுக்கு அதை விட்டுக்கொடுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கதை புரியாது. பக்தியான, உழைக்கிற, படிப்பை மதிக்கிற ஜனங்கள். இறங்கி ஆறே வருஷத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ஹார்வர்டு.

அவர்கள் நம்பிக்கை இதுதான். தேவன் தனி மனிதனோடு மட்டுமல்ல, முழு சமுதாயத்தோடும் உடன்படிக்கை செய்கிறார். ஒருவன் ஓய்வுநாளை மீறினால், ஒருவன் தவறான உபதேசம் செய்தால், தண்டனை அவனோடு நிற்காது, ஊர் முழுவதற்கும் வரும். ஆகவே பாவத்தைத் தடுப்பது அரசாங்கத்தின் கடமை. நம் ஊரில் வெள்ளாமை பொய்த்தால் யார் தெய்வக் குற்றம் செய்தது என்று தேடுவார்களே, கிட்டத்தட்ட அந்த எண்ணம்தான். 1631இல் சட்டம் போட்டார்கள்: சபை அங்கத்தினராக இருப்பவருக்கு மட்டுமே வாக்குரிமை. ஆராதனைக்கு வராதவருக்கு அபராதம். இதில் ஒரு நுட்பம் உண்டு. போதகர்கள் அரசுப் பதவி வகிக்க முடியாது. அதனால், சபையும் அரசும் எங்களிடம் தனித்தனிதான் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஆனால் யாரைத் தண்டிக்கலாம் என்று அதிகாரிகள் போதகர்களிடம் ஆலோசனை கேட்பார்கள்.

அடுத்த வருஷமே, 1631 பிப்ரவரியில், ராஜர் வில்லியம்ஸ் என்ற இளம் போதகர் மனைவி மேரியோடு அங்கே வந்து இறங்கினார். கேம்பிரிட்ஜில் படித்தவர், மொழிகளில் கெட்டிக்காரர். பாஸ்டன் சபை உடனே அவரை ஊழியத்துக்கு அழைத்தது. எந்த இளைஞனுக்கும் கிடைக்காத வாய்ப்பு. அவர் மறுத்துவிட்டார். காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: நீங்கள் இங்கிலாந்து சபையைவிட்டு முழுதாகப் பிரியவில்லை, உங்கள் சுத்தம் எனக்குப் போதாது என்றார்! சுத்தத்துக்காகக் கடல் தாண்டி வந்தவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது.

இதைக் கவனியுங்கள். பின்னாளில் மதத்தையும் அரசையும் பிரிக்கவேண்டும் என்று வாதாடிய இந்த மனிதர், மதத்தில் அக்கறை குறைந்தவர் அல்ல. அந்தக் குடியேற்றத்திலேயே கண்டிப்பானவர்களில் ஒருவர். மதச்சார்பின்மை என்றால் பக்தி இல்லாதவர்கள் கண்டுபிடித்தது என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். இவரைப் படித்தபிறகு அந்த எண்ணம் போயிற்று.

வில்லியம்ஸ் சேலத்தில் போதகரானார். நம் சேலம் அல்ல, பாஸ்டனுக்கு வடக்கே உள்ள சேலம். அங்கிருந்து அவர் சொன்னவை அதிகாரிகளுக்குத் தலைவலியாயின. பத்துக் கட்டளைகளில் முதல் நான்கு தேவனுக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ளவை. அவற்றை மீறியதற்காக அரசாங்கம் யாரையும் தண்டிக்கக் கூடாது. கொலை, திருட்டு முதலியவற்றோடு அதன் வேலை முடிந்தது. இங்கிலாந்து ராஜா பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டதால் மட்டும் பழங்குடிகளின் நிலம் நமக்குச் சொந்தமாகிவிடாது, அவர்களிடம் விலைக்கு வாங்கவேண்டும் என்றார். எல்லாவற்றையும்விட அவர்களைச் சுட்டது அவர் சத்தியப்பிரமாணத்தைப் பற்றிச் சொன்னது. தேவன் பெயரால் சத்தியம் செய்வது ஒரு வழிபாடு. விசுவாசமில்லாதவனை அப்படிச் சத்தியம் செய்யவைத்தால், அவனை வைத்து தேவனின் நாமத்தை வீணாக வழங்கப்பண்ணுகிறீர்கள். பாவம் அவனுடையது மட்டுமல்ல, வற்புறுத்திய உங்களுடையதும்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்லவேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். காலை ஜெபம் என் பொறுப்பில் இருந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் ஜெபத்தின்போது கைகூப்ப மாட்டான். பேச மாட்டான், சிரிக்க மாட்டான், கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு நிற்பான். கேட்டதற்கு, "எங்க வீட்டுல வேற சாமி சார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் அதை எதிர்ப்பேச்சாக எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் முட்டி போட வைத்தேன். நாலாம் நாள் கைகூப்பினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு உதடுகளை அசைத்தான். எனக்கு ஒரே திருப்தி. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

கதைக்கு வருகிறேன். 1635 அக்டோபரில் வில்லியம்ஸை நாடு கடத்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடல்நலமில்லாமல் இருந்ததால், வாயை மூடிக்கொண்டு இருந்தால் குளிர்காலம் முடிந்து போகலாம் என்றார்கள். அவர் வீட்டிலேயே கூட்டம் நடத்தினார். 1636 ஜனவரியில் பிடித்து இங்கிலாந்துக் கப்பலில் ஏற்ற ஆள் அனுப்பினார்கள். ஆள் போய்ச் சேர்ந்தபோது, அவர் புறப்பட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. உள்ளிருந்து ஒருவர் தகவல் சொல்லியிருந்தார். யார் தெரியுமா? வின்த்ராப்பேதான். நாரகான்செட் வளைகுடாப் பக்கம் போய்விடு என்று ரகசியமாக எழுதியிருந்ததை, வில்லியம்ஸே பல வருஷம் கழித்து ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு சரி என்று நினைத்தவர், அந்த மனிதன் பிழைக்கவேண்டும் என்றும் நினைத்தார். மனித மனம் அப்படி.

கடும் பனி. கைக்குழந்தையோடு மனைவியை விட்டுவிட்டு ஒற்றையாளாக நடந்தார். பதினான்கு வாரம் படுக்கையும் சோறும் இன்னதென்று தெரியாமல் அலைந்ததாகப் பிறகு எழுதினார். காப்பாற்றியது கிறிஸ்தவர்கள் அல்ல, பழங்குடி மக்கள். அவர்கள் பாஷையை அவர் முன்பே கற்றிருந்தார். நாரகான்செட் தலைவர்களான கனோனிகஸும் மியான்டனோமியும் தந்த நிலத்தில் ஒரு ஊரை உண்டாக்கி, பிராவிடன்ஸ், அதாவது தேவ பராமரிப்பு, என்று பெயர் வைத்தார். பின்னாளில் ரோட் ஐலண்ட் என்ற மாநிலமாக வளர்ந்தது அங்கிருந்துதான். ஊர்க்காரர்கள் பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்படுவார்கள், ஆனால் உலகக் காரியங்களில் மட்டும் என்று எழுதி ஒப்புக்கொண்டார்கள்.

சொல்வது சுலபம், நடத்திப் பார்க்கும்போதுதான் சங்கடம். 1638இல் ஜோஷுவா வெரின் என்பவர், வில்லியம்ஸ் வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குத் தம் மனைவி போகக்கூடாது என்று தடுத்தார். அடித்தார் என்றும் பதிவு இருக்கிறது. மனைவியை அடக்குவது புருஷனின் உரிமை, அதுவும் மனச்சாட்சி விஷயம்தானே என்று அவருக்காக வாதாட ஆள் இருந்தது. ஊர் கூடிப் பேசி, வெரினின் வாக்குரிமையைப் பறித்தது. 1638! மனைவிக்குத் தனியாக ஒரு மனச்சாட்சி உண்டு என்று ஒரு ஊர் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு சேலத்துக்குத் திரும்பிவிட்டார். அந்த அம்மா அங்கே என்ன பட்டாரோ.

1643இல் லண்டனுக்குப் போன வில்லியம்ஸ், 1644இல் தம் குடியேற்றத்துக்கு நாடாளுமன்றத்திடமிருந்து பட்டயம் வாங்கினார். அதே ஆண்டு அங்கே ஒரு புத்தகம் வெளியிட்டார். மதத்துக்காகத் துன்புறுத்துவது இரத்தக்கறை படிந்த போதனை என்பது அதன் வாதம். பட்டயம் கொடுத்த அதே நாடாளுமன்றம் புத்தகத்தைக் கொளுத்த உத்தரவிட்டது.

அவருக்கும் பாஸ்டன் போதகர் ஜான் காட்டனுக்கும் நடந்த வாதத்தின் மையம் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உவமை: கோதுமையும் களையும். களையைப் பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்க, கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்பு வரை விடுங்கள் என்கிறார் எஜமான். வயல் என்பது சபை, சபையில் உள்ள மாய்மாலக்காரரைப் பற்றியது அந்த உவமை என்றார் காட்டன். வயல் உலகம் என்று இயேசுவே விளக்கியிருக்கிறாரே, அதை நீர் ஏன் மாற்றுகிறீர் என்றார் வில்லியம்ஸ். இரண்டு பேர் கையிலும் அதே வேதம்தான். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு ஒன்று தோன்றும். இளம் பயிரில் களையெடுக்க அனுபவப்பட்ட பெண்களுக்கே கண் வேண்டும். அந்தக் கண் தங்களுக்கு இருக்கிறது என்று பாஸ்டன் அதிகாரிகள் எப்படி அத்தனை உறுதியாக இருந்தார்கள்?

அந்த உறுதி எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 1651இல் ஓபதியா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்டுக்கு பாஸ்டனில் முப்பது சவுக்கடி. பிறகு குவேக்கர்கள் வந்தார்கள். சடங்கும் போதகரும் வேண்டாம், உள்ளே இருக்கும் ஒளி போதும் என்கிறவர்கள். துரத்தினால் திரும்பி வந்தார்கள். 1659க்கும் 1661க்கும் இடையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவர் மேரி டையர், பிள்ளைகள் பெற்ற தாய். முதல் தடவை தூக்குமரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். மறுபடி வந்தார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். மலைமேல் பட்டணம் கட்டவேண்டும் என்று புறப்பட்டு முப்பதே வருஷம்.

அதே குவேக்கர்கள் ரோட் ஐலண்டில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். வில்லியம்ஸுக்கு அவர்கள் போதனை அறவே பிடிக்காது. எவ்வளவு பிடிக்காது என்றால், 1672இல், ஏறத்தாழ எழுபது வயதில், பிராவிடன்ஸிலிருந்து நியூபோர்ட் வரை நாள் முழுக்கத் தாமே துடுப்புப் போட்டுப் போய், மூன்று நாள் அவர்களோடு பொதுமேடையில் வாதாடினார். நாலாம் நாள் வாதம் பிராவிடன்ஸில். பிறகு அவர்களைத் திட்டி ஒரு தடித்த புத்தகமும் எழுதினார். ஆனால் அவர்களை வெளியேற்று, வாயை அடை என்று அவர் கேட்கவில்லை. அந்த வருஷம் அங்கே ஆளுநரே ஒரு குவேக்கர்தான்!

அவரைப் பரிசுத்தவானாக்க நான் வரவில்லை. கோபக்காரர், யாரோடும் ஒத்துப்போகாதவர். பாப்டிஸ்ட் சபை ஒன்றைத் தொடங்க உதவி, சில மாதங்களில் அதையும் விட்டு விலகினார். 1676இல் பழங்குடிகளோடு மூண்ட போரில் பிராவிடன்ஸ் எரிந்தபிறகு, கைதான பழங்குடிகளை விற்ற ஏற்பாட்டில் அவருக்கும் பங்கு இருந்தது. தன்னைப் பனியில் காப்பாற்றிய மக்கள்! இதைப் படித்தபோது எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அவர்மேல் போட்ட தீர்ப்பை மாசசூசெட்ஸ் சட்டசபை 1936இல் ரத்துசெய்தது. முந்நூறு வருஷம் ஆயிற்று.

தம்பி மகனே, நீ கேட்டதற்கு என் பதில் இதில் இருக்கிறது. நல்லவர்கள் ஆட்சிக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை கட்டு, தேர்தலில் நில், அநியாயத்தைக் கண்டால் பேசு, விசுவாசம் சொல்வதைச் செய். சட்டத்தையும் பிரம்பையும் கையில் எடுத்துக்கொண்டு அடுத்தவனை முழங்காலில் நிறுத்தத்தான் உனக்கு அனுமதி இல்லை. வீடியோவில் பேசிய ஐயாவிடம் ஒன்று கேட்டுப் பார்: எல்லாம் விசுவாசிகள் கைக்கு வந்தபிறகு, எந்த சபை விசுவாசிகள்? பாஸ்டனில் தூக்கிலிட்டவரும் விசுவாசி, தூக்கில் தொங்கியவரும் விசுவாசி.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் இப்போது பெரிய ஆளாகிவிட்டான். இந்தப் பக்கத்தில் என் நண்பர்கள் பட்டியலிலும் இருக்கிறான். ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் வாழ்த்து அனுப்புகிறான். அந்த மூன்று நாளைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. தம்பி, இதைப் படித்தால் கீழே ஒன்றும் எழுதவேண்டாம். உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நானே கூப்பிடுகிறேன். எடு.