பொன் விகிதம்: எண்வரிசையும் வரைபடமும்

பொன் விகிதம் 1.6180339… என முடிவின்றி நீளும் ஒரு விகிதமுறா எண். ஒரு கோட்டை இரு துண்டாக்கும்போது, முழுக்கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் அமைந்தால் கிடைப்பது இது. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் இதை வடிவியலில் விளக்கினார். இந்தியாவிலோ, இதற்கு இட்டுச்செல்லும் எண்வரிசை செய்யுள் இலக்கணத்தில் பிறந்தது.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. வடமொழி, பிராகிருத யாப்பிலும் இலகு என்ற குறு அசைக்கு ஒன்று, குரு என்ற நெடு அசைக்கு இரண்டு என இதே கணக்குதான். நான்கு மாத்திரையை எத்தனை வகையாக நிரப்பலாம்? 1+1+1+1, 1+1+2, 1+2+1, 2+1+1, 2+2 என ஐந்து வகை. ஐந்து மாத்திரைக்கு எட்டு வகை. கடைசியில் இலகு நின்றால் அதற்கு முன் நான்கு மாத்திரை, குரு நின்றால் மூன்று மாத்திரை; ஆகவே 5+3=8. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டும் இந்த விதியில் வரிசை 1, 2, 3, 5, 8, 13, 21, 34 என்று வளர்கிறது. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் பிராகிருத யாப்பறிஞர் விரகாங்கர். அவர் நூலுக்கு உரை கண்ட கோபாலர் 1135-ஐ ஒட்டியும், குஜராத்தின் சமண அறிஞர் ஏமச்சந்திரர் 1150-ஐ ஒட்டியும் இதை எழுதினர். இத்தாலியக் கணிதர் பிபனாச்சியின் நூல் வந்தது 1202-இல். வரிசைக்கு அவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. விரகாங்கர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்தால் 2, 1.5, 1.667, 1.6, 1.625, 1.615, 1.619 என வரும். வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் 1.618 என்ற கிடைக்கோட்டுக்கு மேலும் கீழுமாக மாறிமாறி விழுந்து, விரைவில் அதை நெருங்குகின்றன. தொடக்க எண்கள் எவையாயினும் மிகை எண்களாக இருந்தால் போதும்: 5, 2, 7, 9, 16, 25, 41, 66, 107 என்ற வரிசையிலும் 107÷66 ஏறத்தாழ 1.621.

காரணம் எளிது. விகிதம் x-இல் நிலைபெறும்போது x = 1 + 1/x, அதாவது x² − x − 1 = 0. y = x² என்ற பரவளையத்தையும் y = x + 1 என்ற நேர்க்கோட்டையும் வரைந்தால் அவை x = 1.618, x = −0.618 ஆகிய இடங்களில் வெட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு மாணவர் தேர்வுக்குப் பழகும் இருபடி வரைபட முறை இதுதான். தாளில் 1.6 வரைதான் படிக்க முடியும். அடுத்த இலக்கங்களுக்கு எண்வரிசையே கைகொடுக்கும்.

கோபுரம், முகம், ஓவியம் எல்லாவற்றிலும் பொன் விகிதம் உண்டு என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் அளவுச் சான்று கிடையாது. சூரியகாந்தி அப்படியல்ல: அதன் விதைச் சுருள்களை இரு திசையிலும் எண்ணினால் பெரும்பாலும் 34, 55 போன்ற, இவ்வரிசையின் அடுத்தடுத்த எண்களே வரும்.