தவளம் போன மலைவழி

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு மேற்கே வயல். வயலுக்கு அப்பால் காடு. காட்டைத் தாண்டினால் ஊவா மலைகள். வண்டிப் பாதை இல்லாத காலத்தில் கரையையும் மலையையும் இணைத்தது தவளம். பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு, இரவானால் காட்டில் தங்கி, விடிந்ததும் நடையைத் தொடர்ந்த வணிகக் கூட்டத்துக்கு அதுவே பெயர்.

கண்டி இராச்சியம் மலைக்குள் இருந்தது. அங்கே உப்பு விளையாது. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து ஏறின. பாக்கு, மிளகு, தேன்மெழுகு மலையிலிருந்து இறங்கின. பாக்கு இந்தியச் சந்தை வரை போன சரக்கு என்பதால் இவ்வணிகத்தின் மறுமுனை கடலுக்கு அப்பால் இருந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இன்றைய அம்பாறைக் கரையும் அப்போது அப்பகுதிக்குள் அடங்கியதே. மன்னன் கொடுத்த இந்த அடைக்கலம் அவனுக்கும் பயன் தந்தது: கரையில் நம்பிக்கையான வணிகர் இல்லாவிட்டால் மலையில் உலை கொதித்தாலும் கறிக்கு உப்பிராது. கண்டியில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனிக்க ‘மடிகே’ என்ற தனித் துறையே இருந்தது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரிது.

பயணம் எளிதாக இருக்கவில்லை. மாட்டின் முதுகில் மெத்தைபோல் ஒரு விரிப்பு. அதன் மேல் இருபக்கமும் தொங்கும் மூட்டைகள். இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒன்று கனத்தால் ஏற்றத்தில் பொதி சரியும், மாட்டின் முதுகு புண்ணாகும். அதனால் பொதி ஏற்ற இருவர் தேவை: இருபுறமும் நின்று ஒரே நேரத்தில் தூக்குவார்கள். மாலையில் தண்ணீருள்ள இடம் பார்த்துப் பொதியை இறக்கி, மாடுகளை மேய விட்டு, இருட்டுமுன் கட்டுவார்கள். சிறுத்தைக்கும் கரடிக்கும் யானைக்கும் பயந்து நெருப்பு இரவு முழுதும் எரிந்தாக வேண்டும். ஊருள்ள இடங்களில் வழிப்போக்கருக்கான அம்பலங்கள் கிடைத்தன. கரைக்கும் மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட காட்டில் திறந்த வெளிதான். வடகீழ்ப் பருவமழையில் ஆறுகள் பெருகிவிட்டால் தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

1766 உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கண்டிக்குக் கடல் இல்லாமல் போனதால் கரைக்கும் மலைக்கும் இடையே நடந்தவர்களின் முக்கியத்துவம் கூடியது. அவர்களின் செல்வாக்கு எவ்வளவு என்பதை, கண்டி வீழ்ந்த 1815க்குப் பின் ஆங்கிலேயர் எடுத்த ஒரு முடிவு காட்டிக்கொடுத்தது. கல்முனைக் கரைக்குத் தென்மேற்கேயுள்ள வெல்லஸ்ஸவில் மடிகே துறையின் அதிகாரியான முகாந்திரமாக ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை அவர்கள் நியமித்தனர். முஸ்லிம்கள்மீது அங்கிருந்த கண்டித் தலைவர் செலுத்திவந்த அதிகாரம் இதனால் பறிபோனது. 1817இல் மூண்ட ஊவா கிளர்ச்சிக்கு இது ஒரு காரணமாயிற்று. கிளர்ச்சிக்காரர் ஹாஜியைப் பிடித்துக் கொன்றனர். பதுளையிலிருந்த ஆங்கிலேய அதிகாரி வில்சனும் அதே ஆண்டில் கொல்லப்பட்டார். 1818இல் கிளர்ச்சியை அடக்கிய படைகள் வீடுகளையும் வயல்களையும் அழித்தன. தவளங்கள் அரிசியும் தங்குமிடமும் பெற்ற ஊர்கள் பாழாயின. அந்தப் பிரதேசம் கொடுத்த விலை மிகக் கொடியது.

பின்னர் தவளத்தை மெல்ல ஒடுக்கியவை தெருக்கள். 1820களில் கொழும்பு–கண்டி வீதி அமைந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக மாட்டுவண்டிகளும் பெருகின. ஒரு வண்டி பல பொதிமாடுகளின் சுமையை இழுத்தது. கிழக்குக்கு இந்த மாற்றம் பிந்தியே வந்தது. பதுளைக்கு 1924இலும் மட்டக்களப்புக்கு 1928இலும் ரயில் ஓடத் தொடங்கியது. தொடர்ந்து லொறிகள் வந்தன. பழைய வணிகத் தொடர்பின் அடையாளமாக வெல்லஸ்ஸவில் பக்கினிகஹவெல போன்ற முஸ்லிம் கிராமங்கள் நிலைத்துள்ளன.

கரைக்கும் மலைக்கும் இடைப்பட்ட காட்டின் ஒரு பகுதி அணையின் நீருக்குள் போனது. கரையில் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கப்படும் கல்லோயாவை 1949இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் மறித்தபோது சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. நீரேந்து காட்டைக் காக்க 1954 பெப்ரவரி 12இல் கல்லோயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 25,900 ஹெக்டேயர். இன்று அங்கே படகிலிருந்தபடியே யானைகளைப் பார்க்கலாம். கல்முனைப் பக்கத்திலிருந்து வான் பிடித்து வரும் குடும்பங்கள் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடுகின்றன.