ஒருவர் பேச, மற்றவர் கேட்க: ஒரு பொத்தான் ஈட்டிய வருவாய்

காவலர்கள் கையில் வைத்திருக்கும் வாக்கி-டாக்கியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. குறைபாடாகத் தோன்றும் இப்பண்பைக் கொண்டே ஓர் அமெரிக்க நிறுவனம் பெரும் வருவாய் ஈட்டியது. எவ்வாறு எனக் காண்போம்.

1980களில் அமெரிக்க வாடகைக் கார், லாரி நிறுவனங்கள் தம் ஓட்டுநர்களுடன் பேச 800 மெகாஹெர்ட்ஸ் பகுதி வானொலித் தடங்களைப் பயன்படுத்தின. அவற்றின் உரிமங்கள் சிறு சிறு உரிமையாளர்களிடம் சிதறிக் கிடந்தன. 1987-இல் மார்கன் ஓபிரையன் என்னும் வழக்கறிஞர் கூட்டாளிகளுடன் தொடங்கிய ஃப்ளீட் கால் நிறுவனம் அவற்றை விலைக்கு வாங்கிச் சேர்த்தது. 1993-இல் அது நெக்ஸ்டெல் எனப் பெயர் மாறியது.

அதற்கு மோட்டோரோலா வழங்கிய ஐடென் முறையில் 25 கிலோஹெர்ட்ஸ் தடம் ஒன்று ஆறு காலக்கூறுகளாகப் பகுக்கப்பட்டது. ஒரே வாய்க்கால் நீரை ஆறு வயல்கள் முறைவைத்துப் பாய்ச்சிக்கொள்வது போன்றதே இது. தெளிவான தொலைபேசி உரையாடலுக்கு இரு கூறுகள் தேவைப்பட்டன. அழுத்திப் பேசுவதற்கோ ஒரு கூறு போதும். அதுவும் பேசும் சில வினாடிகளுக்கு மட்டுமே. ஆகவே அதே தடத்தில் மிகப் பலர் மாதக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளராக முடிந்தது. அழைப்பு சொந்த வலையமைப்புக்குள்ளேயே முடிவதால் பிற தொலைபேசி நிறுவனங்களுக்குப் பங்கு தரவும் தேவையில்லை. கட்டுமானக் குழு முழுவதும் இக்கருவியை வைத்திருக்கையில், ஒருவர் மட்டும் விலகுவதும் எளிதன்று. கருவி விற்பனையில் மோட்டோரோலாவும் பயனடைந்தது.

ஆனால் இந்த வருவாய்க்கு மறுபக்கமும் உண்டு. நெக்ஸ்டெல்லின் தடங்களுக்கு இடையிடையே காவல்துறை, தீயணைப்புத் துறைத் தடங்களும் இருந்தன. அருகிலிருந்த நெக்ஸ்டெல் கோபுரத்தின் வலிய அலைகள் அவற்றில் குறுக்கிட்டன. உதவி கோரும் தீயணைப்பு வீரரின் குரல் கேளாமற்போனால் என்னவாகும்? 2004-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தடங்களை மாற்றியமைக்க ஆணையிட்டது. செலவை நெக்ஸ்டெல் ஏற்றது, ஈடாக 1.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் பெற்றது.

2005-இல் நெக்ஸ்டெல் ஸ்பிரிண்டுடன் இணைந்தது. 2013 ஜூன் 30-இல் ஐடென் வலையமைப்பு நிறுத்தப்பட்டது. இன்று இதே சேவை இணையம் வழியே நடைபெறுகிறது. ஜெல்லோ போன்ற செயலிகள் பொதுமக்களுக்கு இலவசம். நிறுவனங்களிடம் ஆள் கணக்கில் கட்டணம் பெறுகின்றன.

கருவிகள் மாறினாலும் கணக்கு மாறவில்லை: அலைவரிசை அளவானது, சிக்கனமாகப் பகிர்ந்தவருக்கே வருவாய். எனினும் அது பொதுச் சொத்து. ஒருவரின் வருவாய் இன்னொருவரின் அபயக்குரலை மூழ்கடித்துவிடாமல் காப்பது அரசின் கடமையல்லவா?